சாட்சியையும் சோதிப்போம்

வழக்கொன்றில் உண்மை காண்பதற்குச் சாட்சி வேண்டும். அச்சாட்சி உரைப்பது உண்மைதானா என்று காண்பதற்கு யாது வேண்டும்? நீதிமன்றங்களில் இவ்வினாவிற்கு விடை நெடுங்காலமாக உண்டு. சாட்சியின் வரலாறு கேட்கப்படும். குறுக்கு விசாரணை நிகழும். பிறர் கூற்றோடு ஒப்புநோக்கப்படும். அதன் பின்னரே தீர்ப்பு எழுதப்படும். ஆனால், குருதியில் ஒரு புரதம் உண்டா இல்லையா என்று அறிவதற்கு ஆய்வுக்கூடங்களில் நாள்தோறும் அழைக்கப்படும் ஒரு சாட்சியை, அழைத்த அளவிலேயே நம்பி, அது கூறியதைத் தீர்ப்பாக எழுதிவிடும் வழக்கம் நெடுநாள் நிலவி வந்தது. இன்னும் முற்றும் ஒழிந்திலது. அச்சாட்சியின் பெயர் எதிர்ப்பொருள். ஆய்வுக்கூடத்தார் அதனை ஆன்டிபாடி என்பர். அதனைச் சோதியாது நம்புதல் தகாது என்பதும், சோதிக்குங் கடமை அதனை விற்பாரை மட்டுமன்றிக் கையாளும் ஒவ்வொருவரையும், மாணாக்கரையுங்கூட, சார்ந்தது என்பதுமே இக்கட்டுரையால் யாம் நிறுவ விழைவன.

தமிழ் பயில்வார்க்கு இவ்வாராய்ச்சியில் என்ன உரிமை என்று நம் விஞ்ஞானப் பகுதி நண்பர்கள் நகைக்கலாம். சாட்சியை ஆராய்தல் எம் துறைக்கும் உரிய தொழிலே. ஏட்டுச்சுவடி ஒன்றை மட்டும் நம்பி ஒரு நூலின் பாடத்தை அறுதியிடுவார் எம்மில் இலர். அவ்வுரிமை பற்றியே ஈண்டுத் துணிந்து புகுந்தோம்.

எதிர்ப்பொருளாவது யாது? நம் உடம்பினுள் நோய்க்கிருமியோ அதன் நஞ்சோ புகுமாயின், வெள்ளணுக்களுள் ஒருசாரன அதனைப் பற்றுதற்கென்றே ஒருவகைப் புரதத்தை ஆக்கிக் குருதியில் விடுகின்றன. அப்புரதம் கவைக்கோல் போன்ற வடிவினது. அதன் இரு கவைகளின் நுனியும், புகுந்த பொருளின் மேற்புறத்திலுள்ள ஒரு சிறு பகுதியோடு, பூட்டும் திறவுகோலும்போல ஒன்றிப் பொருந்தும். முழுப் பொருளையும் அஃது அளந்து அறிவதில்லை. மேற்புறத்தில் ஒரு சிறு துண்டையே அறியும். இதனை நினைவிற் கொள்க. பின்னர்க் கூறுவனவற்றிற்கெல்லாம் இதுவே அடிப்படை.

1890-ஆம் ஆண்டில் எமில் வான் பேரிங் என்னும் ஜெர்மானியரும் ஷிபாசாபுரோ கிட்டசாட்டோ என்னும் ஜப்பானியரும் பெர்லின் நகரில் இருந்து ஆராய்ந்து, நோய்நஞ்சுக்கு ஈடுகொடுக்கப் பழகிய விலங்கின் குருதித் தெளிநீர், அந்நஞ்சின் வலியை அடக்கவல்லது என்று கண்டனர். டிப்தீரியா என்னும் தொண்டை அடைப்பானுக்கு மருந்து பிறந்தது இவ்வாராய்ச்சியிலிருந்தே. சீரம் என இன்று வழங்கும் அத்தெளிநீரில் இருந்து நஞ்சைப் பற்றியவை எதிர்ப்பொருள்களே. முதலில் மருந்தாக வந்த இப்பொருள், பத்தாண்டுகளுக்குள் சாட்சியாகவும் மாறிற்று.

அம்மாற்றம் நிகழ்ந்த வரலாறு அறியத்தக்கது. ஜெர்மனியில் கிரைஃப்ஸ்வால்ட் நகரில் ஆராய்ந்த பால் ஊலன்ஹூத் என்பவர் முயல்களுக்கு மனிதக் குருதியை ஊசிவழி ஏற்றினார். முயலின் உடம்பு மனிதக் குருதியிலுள்ள புரதங்களைப் பற்றும் எதிர்ப்பொருள்களை ஆக்கிற்று. அம்முயலின் தெளிநீரை மனிதக் குருதி கரைந்த நீரில் விட்டால் நீர் கலங்கி வண்டல் படியும். மாட்டின் குருதியிலோ குதிரையின் குருதியிலோ விட்டால் அங்ஙனம் கலங்காது. எனவே, துணியில் உலர்ந்த கறை மனிதருடையதா விலங்கினுடையதா என்று சொல்லக் கூடியதாயிற்று. 1901-ஆம் ஆண்டு ரூகன் தீவில் இரு சிறுவர் கொலையுண்டனர். ஐயுறப்பட்ட தச்சன் லுட்விக் டெஸ்னோ என்பான், தன் ஆடைக் கறைகள் மரச்சாயத்தாலும் மாட்டுக் குருதியாலும் ஆயவை என்றான். ஊலன்ஹூத் அவ்வாடைகளை ஆராய்ந்து, கறைகளுள் மனிதக் குருதியும் ஆட்டுக் குருதியும் உள்ளன என்று உரைத்தார். டெஸ்னோவிற்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஒரு முயலின் குருதி மன்றத்தில் நின்று சாட்சி பகர்ந்தது.

இங்கு நாம் கருத வேண்டுவது ஒன்றுண்டு. ஊலன்ஹூத் அத்தெளிநீரை முன்னரே பல்வேறு விலங்குகளின் குருதியோடு தனித்தனியே சேர்த்துப் பார்த்து, எதனைப் பற்றும், எதனைப் பற்றாது என்று அறிந்துகொண்டவர். ஓர் உயிரைப் பறிக்கவல்ல கூற்றாதலின், கூறுவோனைச் சோதித்த பின்னரே மன்றம் ஏற்றினார். அச்சோதனை இன்றியமையாதது என்பதற்குச் சில ஆண்டுகளிலேயே வேறொரு சான்றும் கிடைத்தது. கேம்பிரிட்ஜில் ஆராய்ந்த ஜார்ஜ் நட்டால் 1904-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், மனிதக் குருதிக்கென ஆக்கப்பட்ட தெளிநீர், வாலில்லாக் குரங்குகளின் குருதியையும் வலிதாகப் பற்றும் என்று காட்டினார். உறவு நெருங்கிய உயிர்களின் புரதங்கள் வடிவிலும் நெருங்கியவை. மேற்புறத்தின் சிறு துண்டையே அறியும் சாட்சி, ஒத்த துண்டு எங்கிருப்பினும் ஆம் என்றே சொல்லும். நட்டால் அதனை உயிரினங்களின் உறவை அளக்குங் கோலாகக் கொண்டார். அது அவர்தம் நுண்ணறிவு. அறியாது கையாள்வார்க்கோ அதுவே படுகுழி.

அக்காலத்துச் சாட்சிகள் சிலவே. இக்காலத்தவை பல இலட்சம். இப்பெருக்கத்திற்கு வழிசெய்தவர் இருவர். 1975-ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜில் ஜார்ஜஸ் கோலரும் சீசர் மில்ஸ்டீனும், எதிர்ப்பொருளை ஆக்கும் சுண்டெலியின் உயிரணுவையும், சாவின்றிப் பெருகும் புற்றுநோய் உயிரணுவையும் ஒன்றாக இணைத்தனர். இணைந்த அணு, ஒன்றன் தொழிலையும் மற்றொன்றன் நீடுவாழ்வையும் ஒருங்கே பெற்று, ஒரே வகையான எதிர்ப்பொருளை ஓயாது பொழிந்தது. முயலொன்றின் தெளிநீரில் பலவகை எதிர்ப்பொருள்கள் விரவியிருக்கும். அம்முயல் இறந்தபின் வேறு முயலிடம் பெறுவது முன்னதனை முற்றும் ஒவ்வாது. இப்புதுமுறையால் அக்குறை நீங்கிற்று. அவ்விருவரும் நீல்ஸ் யெர்னி என்பாரோடு 1984-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றனர். இதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, 1971-இல், ஸ்வீடன் நாட்டு ஈவா எங்வால், பீட்டர் பெர்ல்மன் என்போர், எதிர்ப்பொருளோடு ஒரு நொதியைப் பிணைத்து, அது தன் புரதத்தைப் பற்றியவிடத்து நிறந்தோன்றச் செய்யும் எலைசா என்னும் முறையை வெளியிட்டிருந்தனர். நிறத்தின் செறிவைக்கொண்டு புரதத்தின் அளவைக் கணிக்கலாம். இன்று மருத்துவ நிலையங்களிற் குருதி பார்க்குமிடத்தும், நோயெதிர்ப்பைப் பற்றிய ஆராய்ச்சிகளிலும், இவ்விரு கண்டுபிடிப்புகளின் கையில்லாத நாளில்லை.

இச்சாட்சியின் தொழில் எத்துணை அரிது என்பதையும் உணர்தல் வேண்டும். குருதித் தெளிநீரிலே மிக்குள்ள புரதம் ஆல்புமின். அது லிட்டருக்கு ஏறத்தாழ 40 கிராம் இருக்கும். உடம்பில் அழற்சி தோன்றியதை அறிவிக்கும் தூதுவனாகிய இன்டர்லூகின் 6 என்னும் புரதமோ, நலமுடையார் குருதியில் மில்லிலிட்டருக்குச் சில பிக்கோகிராமே உளது. பிக்கோகிராமாவது கிராமில் இலட்சங்கோடியில் ஒரு பங்கு. ஆகவே, ஆல்புமினோடு ஒப்பிட அத்தூதுவன் ஆயிரங்கோடிக்கு ஒன்று என்னும் அளவினன். உலக மக்கள் அனைவரும் ஒருங்கு கூடிய திருவிழாவில் ஒருவனைக் கண்டு இவனே என்று சுட்டுவது போன்றது இத்தொழில். இத்தகைய கூட்டத்தில், சாட்சியின் கண் சிறிதே மயங்கினும், கண்டது யாரை என்பது பெரும்பிழையாய் முடியும்.

அங்ஙனம் மயங்கியதுண்டோ? உண்டு. கனடா நாட்டு டொராண்டோ நகரில், மவுண்ட் சைனாய் மருத்துவமனையைச் சார்ந்த ஆய்வாளர்கள், கணையப் புற்றுநோயை முற்பட அறிவதற்குக் குருதியில் ஓர் அடையாளம் தேடினர். கணையப் புற்று முற்றிய பின்னரே பெரும்பாலும் வெளிப்படுவது. வெளிப்பட்டபின் பிழைப்பார் சிலர். ஆதலின் அத்தேடல் எத்துணை மேலானது என்பது சொல்லவேண்டா. சி.யு.இசட்.டி 1 என்னும் புரதம் அவ்வடையாளமாகலாம் என்று எண்ணி, அதனை அளப்பதற்கென விற்கப்பட்ட எலைசாப் பெட்டி ஒன்றை வாங்கினர். நோயுற்றார் குருதியில் நிறம் மிக்கது, நம்பிக்கை பிறந்தது. ஈராண்டுகளும், 5 இலட்சம் டாலரும், ஆயிரக்கணக்கான நோயாளிகளின் குருதி மாதிரிகளும் செலவாயின. முடிவில், அப்பெட்டியிலுள்ள எதிர்ப்பொருள் பிடித்துவைத்த பொருளைத் தனியே பிரித்து, நிறை அளக்குங் கருவியால் ஆராய்ந்தபோது, அது சி.யு.இசட்.டி 1-ஐ அறவே பற்றவில்லை என்பது வெளியாயிற்று. அது பற்றியது சி.ஏ. 125 என்னும், ஏற்கெனவே பலரும் நன்கறிந்த வேறொரு புரதம். பெட்டியின் மேல் எழுதிய பெயர் ஒன்று. உள்ளிருந்த சாட்சி கண்டது மற்றொன்று. அவ்வாய்வாளர் தமக்கு நேர்ந்ததை மறையாது 2014-ஆம் ஆண்டில் உலகறிய எழுதினர். அவர்தம் நேர்மை போற்றற்குரியது.

இச்செய்தியை அறிந்தபோது தமிழ் மாணவராகிய எமக்கு நினைவில் எழுந்தது மதுரை மாநகர். சிலப்பதிகாரத்துப் பாண்டியனைச் சோதனையே செய்யாதவன் என்று பலரும் கூறுவர். கூர்ந்து நோக்கின் அவன் ஒரு சோதனையை விதித்தே இருந்தான். பொற்கொல்லன் சொற்கேட்டு, கள்வன் கையில் தேவியின் சிலம்பு இருக்குமாயின் கொல்க என்பதே அவனது ஆணையாயிருந்தது. சிலம்பு கோவலன் கையில் இருந்தது. அச்சோதனை ஆம் என்றது. எனினும் அச்சோதனை, தேவி சிலம்பையும் அதனை ஒத்த பிறிதொரு சிலம்பையும் வேறுபிரித்து அறியவல்லதன்று. புறத்தே ஒத்தவை இரண்டும்; அகத்தே ஒன்றில் முத்து, மற்றொன்றில் மாணிக்கம். உடைத்துப் பார்த்தவிடத்தே உண்மை வெளிப்பட்டது, ஆயின் அதற்குள் உயிர் ஒன்று போயிற்று, அரசனும் மாண்டான், நகரும் எரிந்தது. சோதனை செய்யாமை ஒரு பிழை. பொய்க்கும் ஆம் என்று சொல்லும் சோதனையைச் செய்து, சோதித்துவிட்டோம் என்று அமைதல் அதனினும் கொடிய பிழை. ஏனெனில் முன்னதில் ஐயமேனும் எஞ்சும்; பின்னதில் அதுவும் எஞ்சுவதில்லை. டொராண்டோவில் நேர்ந்தது இப்பின்னதே. நிறந்தோன்றிற்று என்பது சிலம்பு கையிலிருந்தது என்பது போல்வது. பரல் யாது என்று எவரும் தொடக்கத்தில் உடைத்துப் பார்த்திலர்.

இஃது ஏதோ ஓரிடத்து நேர்ந்த விபத்தென்று தள்ளிவிடலாகாது. 2008-ஆம் ஆண்டு நிகழ்ந்த ஓர் ஆராய்ச்சியில், வழக்கத்திலுள்ள ஏறத்தாழ 6,000 எதிர்ப்பொருள்களைச் சோதித்தபோது, தமக்குரிய புரதத்தை மட்டும் அறிந்து பற்றியவை பாதிக்கும் குறைவு என்று தெரிந்தது. 2015-ஆம் ஆண்டில் ஆண்ட்ரு பிராட்பரி, ஆண்ட்ரியாஸ் புளூக்தூன் என்னும் அறிஞர் இருவர், தம்மோடு உடன்பட்ட நூற்றுக்கு மேற்பட்ட விஞ்ஞானிகளின் கையொப்பத்தோடு, நேச்சர் இதழில் இக்குறையை எடுத்துரைத்தனர். இத்தகைய பொருள்களுக்கென உலகெங்கும் ஆண்டுதோறும் செலவாகும் 160 கோடி டாலரில் பாதி வீணாகின்றது என்பது அவர்தம் கணிப்பு. 2023-ஆம் ஆண்டில் மான்ட்ரியால் நகரை நிலைக்களமாகக் கொண்ட ஆய்வுக்குழு ஒன்று, 65 புரதங்களுக்கென விற்கப்பட்ட 614 எதிர்ப்பொருள்களைச் சோதித்து வெளியிட்டது. சோதனையில் தவறிய எதிர்ப்பொருள்களை நம்பி எழுதப்பட்ட ஆராய்ச்சிக் கட்டுரைகள், ஒரு புரதத்திற்குச் சராசரி 12 என்று அக்குழுவினர் கண்டனர். அவற்றைப் படித்து, அவற்றின்மேல் தம் ஆராய்ச்சியைக் கட்டினவர் எத்துணையர்! மணல்மேற் கட்டிய வீட்டின் கதை விவிலியம் பயின்ற நமக்குப் புதிதன்று.

இனி, இதற்கு மறுப்புரைப்பார் கூற்றையும் கேட்போம். அவர் கூற்று மூவகை.

முதலாவது, சோதித்து விற்றல் விற்பார் கடன். வாங்கினோர் மீது அச்சுமையை ஏற்றுதல் முறையன்று என்பது. விற்பார்க்குக் கடமை உண்டு. அதனை யாம் மறுத்திலேம். மான்ட்ரியால் குழுவிற்கு எதிர்ப்பொருள்களை விலையின்றி அளித்தவர் விற்பனையாளரே. தவறியவற்றுள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத் தாமே விலக்கிக்கொண்டனர். ஏறத்தாழ ஐந்தில் இரு பங்கிற்குப் பயன்பாட்டுக் குறிப்பை மாற்றினர். இது நன்று. ஆயினும் விற்பார் சோதனை மட்டும் போதுவதன்று. என்னை? புரதத்தைச் சூடேற்றி மடிப்பு நீக்கி ஆராயும் முறையில், உள்ளே மறைந்திருந்த துண்டு வெளிப்படும். குருதியில் இயல்பாக மடிந்திருக்கும்போது அத்துண்டு மறைந்துவிடும். ஆகவே ஒரு முறையில் மெய்யுரைத்த எதிர்ப்பொருள் மற்றொரு முறையில் வாளாவிருத்தலும், பிறிதொன்றைச் சுட்டுதலும் கூடும். தன் மன்றத்தில் தன் வழக்கிற்கு அச்சாட்சி தக்கதா என்று ஆராய்தல் அம்மன்றத்தான் கடனே அன்றோ?

இரண்டாவது, பொருளில்லாத சிறு ஆய்வுக்கூடங்கள் இதற்கு என் செய்யும் என்பது. இது நெஞ்சில் தைக்கும் வினா. நம் நாட்டில் எதிர்ப்பொருள் அடங்கிய சிறு குப்பி ஒன்றே பல்லாயிரம் ரூபாய் பெறும். அதனை வாங்கவே அல்லற்படும் ஆசிரியர், சோதனைக்கு மேலும் எங்ஙனம் செலவிடுவர்? ஆயினும் இவ்வினாவே எம் பக்கம் நிற்கின்றது என்போம். செல்வர் ஒரு குப்பி வீணாயின் வேறொன்று வாங்குவர். வறியார்க்கு அக்குப்பியோடு ஆராய்ச்சியே முடியும். பொருள் அரிதாயவிடத்தே சோதனை மிக வேண்டும். அன்றியும், எல்லாச் சோதனையும் பெருஞ்செலவின அல்ல. தேடும் புரதம் இல்லையென்று உறுதியாய்த் தெரிந்த மாதிரியை உடன்வைத்துப் பார்த்தலும், புரதத்தை அளந்து சேர்த்து அவ்வளவே திரும்பக் காட்டுகின்றதா என்று நோக்குதலும், பிறர் செய்து வெளியிட்ட சோதனை முடிவுகளைப் படித்தலும் எளியார்க்கும் கூடுவனவே.

மூன்றாவது, இங்ஙனம் எல்லாவற்றையும் ஐயுற்றால் ஆராய்ச்சி நடைபெறாது என்பது. ஐயம் வேறு, சோதனை வேறு. சோதனை ஐயத்தை வளர்ப்பதன்று, முடிப்பது. திருவள்ளுவர் தெரிந்துதெளிதல் என்று ஓர் அதிகாரம் வகுத்து, ஆராயாது நம்புதலையும், ஆராய்ந்து நம்பியபின் ஐயுறுதலையும் ஒருங்கே கடிந்தார். பவுல் அடிகள் தெசலோனிக்கேயர்க்கு விடுத்த முதல் நிருபத்திலும், சோதித்தலும் நல்லதைப் பற்றிக்கொள்ளுதலும் ஒன்றன்பின் ஒன்றாகவே வைக்கப்பட்டுள்ளன. சோதனையின் நோக்கம் கைவிடுதல் அன்று, உறுதியாகப் பற்றுதலே.

சோதிக்கும் நெறிகளும் அறியப்படாதன அல்ல. 2016-ஆம் ஆண்டில் பன்னாட்டறிஞர் குழு ஒன்று ஐந்து நெறிகளை வகுத்து வெளியிட்டது. அவற்றுள் எளிதில் விளங்குவன சிலவற்றைக் கூறுவாம். தேடும் புரதத்தை ஆக்கும் ஜீனை நீக்கிய உயிரணுக்களை எடுத்து அவற்றில் எதிர்ப்பொருளை விடுதல் ஒன்று. ஆள் இல்லாத அவையிலும் அவனைக் கண்டேன் என்று சொல்லும் சாட்சி பொய்ச்சாட்சியே. ஒரே புரதத்தின் வெவ்வேறு துண்டுகளை அறியும் இரண்டு எதிர்ப்பொருள்களைத் தனித்தனியே வினவி, இரண்டும் ஒத்துரைக்கின்றனவா என்று காணுதல் மற்றொன்று. எதிர்ப்பொருளின் துணையே இன்றி, புரதத்தின் நிறையை அளந்தோ வேறு வழியாலோ அறிந்ததனோடு ஒப்பிடுதல் பிறிதொன்று. இவற்றை நோக்குங்கால், மோசேயின் நியாயப்பிரமாணம் ஒரே சாட்சியின் சொல்லால் எவரையும் குற்றவாளியாக்கலாகாது, இருவரோ மூவரோ வேண்டும் என்று விதித்ததும், நியாயாதிபதிகள் சாட்சியை நன்றாய் விசாரிக்க வேண்டுமென்று பணித்ததும் நம் நினைவிற்கு வாராதிரா. அவ்விதி எழுந்த காலத்து எதிர்ப்பொருளும் இல்லை, எலைசாவும் இல்லை. ஆயினும் மனிதன் மயங்கும் இயல்பு அன்றும் இன்றும் ஒன்றே.

இவற்றோடு, கையாண்ட எதிர்ப்பொருள் எது, அதன் பட்டியல் எண் யாது, எத்தொகுதியில் ஆக்கப்பட்டது என்பனவற்றைக் கட்டுரையில் ஒளியாது எழுதுதலும் வேண்டும். சாட்சியின் பெயரையும் ஊரையும் குறியாத தீர்ப்பை மேல்மன்றம் எங்ஙனம் ஆராயும்? எதிர்ப்பொருள் தவறிற்று என்று கண்டவர் அதனையும் வெளியிடுதல் வேண்டும். ஒருவர் விழுந்த குழியில் விளக்கு வைப்பாராயின் பின்வருவார் விழார். டொராண்டோவினர் செய்தது இதுவே.

இத்துறையில் எம் தமிழாராய்ச்சியின் முன்மாதிரி பெருந்துணையாகும். டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவகசிந்தாமணியையும், 1892-இல் சிலப்பதிகாரத்தையும், 1894-இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது, கிடைத்த ஏட்டோடு அமைந்தாரல்லர். ஊர்தோறும் அலைந்து சுவடிகள் தேடி, ஒன்றோடொன்று ஒப்புநோக்கி, பாடவேறுபாடுகளைக் கற்பார்க்குக் காட்டினார். ஏடு எழுதினோன் கண் மயங்கியிருக்கும்; கை பிறழ்ந்திருக்கும்; செல் அரித்திருக்கும். அதற்காக ஏடுகளை அவர் வெறுத்தாரா? இல்லை. ஒவ்வொன்றின் தகுதியும் அளந்து நம்பினார். அவ்வுழைப்பினால் அன்றோ நாம் இன்று அந்நூல்களைத் துணிந்து பயில்கின்றோம். ஓலையில் எழுத்தைத் தேடுவார்க்கும் குருதியில் புரதத்தைத் தேடுவார்க்கும் நெறி ஒன்றே.

இனி, நம் கல்லூரியில் உயிர்வேதியியலும் நுண்ணுயிரியலும் பயிலும் உடன்மாணவரை நோக்கிச் சில சொல்வோம். ஆய்வுக்கூடத்தில் விடையை முன்னறிந்துகொண்டு, அவ்விடைக்குப் பொருந்துமாறு ரெக்கார்டு நோட்டை நிரப்பும் வழக்கம் கல்லூரிகள் பலவற்றிலும் உண்டென்பர். வந்த விடை வேறாயின், வரவேண்டிய விடையை எழுதினாலே மதிப்பெண் கிடைக்கும் என்பது அதற்குச் சொல்லும் காரணம். இவ்வழக்கமே பிற்காலத்தில் சோதியாத எதிர்ப்பொருளை நம்பும் வழக்கமாய் வளர்கின்றது. விரும்பிய விடையைத் தந்த சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எவர்க்கும் மனம் எழுவதில்லை. விரும்பாத விடை வந்தபோது நூறு காரணம் தேடுகின்றோம்; விரும்பிய விடை வந்தபோது ஒன்றும் தேடுவதில்லை. விரும்பிய விடையையே முதலில் ஐயுறப் பழகுதல் விஞ்ஞானத்தின் ஒழுக்கம். அது நல்லொழுக்கத்தின் ஒரு கூறுமாம்.

ஆசிரியப் பெருமக்களிடம் யாம் வேண்டுவதும் ஒன்றுண்டு. எலைசாப் பயிற்சி நிகழுமிடத்து, நிறந்தோன்றும் குழிகளைக் காட்டுதலோடு அமையாது, நிறந்தோன்றலாகாத குழிகளையும் மாணாக்கர் கையாலேயே அமைப்பித்து, அவற்றில் ஏதேனும் தோன்றின் ஏன் தோன்றிற்று என்று எழுதச்செய்தல் வேண்டும். எதிர்பாராத விடையை உள்ளவாறே எழுதிய மாணாக்கனுக்கு மதிப்பெண் குறைதலாகாது, மிகுதல் வேண்டும். இதற்குப் பெரும்பொருள் வேண்டா. மனம் ஒன்றே வேண்டும்.

இவ்வளவும் எதற்கு? பணத்திற்கு மட்டுமா? அன்று. குப்பியிலுள்ள ஒவ்வொரு துளியும் ஏதேனும் ஓர் உயிரின் உடம்பிலிருந்து தொடங்கியதாயிருக்கும். முயலும் ஆடும் சுண்டெலியும் அறியாது அளித்த கொடை அதன் பின்னே நிற்பதுண்டு. சோதனைக்குழாயிலுள்ள குருதியோ, நோயுற்ற ஒருவர் அறிந்தே அளித்த கொடை. தமக்குப் பயன்படாவிடினும் தம்மைப்போல் பின்னர் நோயுறுவார்க்குப் பயன்படுக என்று கைநீட்டியவர் அவர். கணையப் புற்றுடையார் ஒருவருக்கு எஞ்சிய நாள்கள் எத்துணை அரியன! அவர் அளித்த குருதியைப் பொய்ச்சாட்சியின் முன் வைத்து வீணாக்குதல், திருடுதலினும் குறைந்த குற்றம் என்று எம்மால் எண்ணக்கூடவில்லை. பத்துக் கட்டளைகளுள் பொய்ச்சாட்சியை விலக்கியதும் ஒன்று. நாவினால் பொய் சொல்லாதார் பலரும், பிறிதொன்று சொல்லும் பொய்யை ஆராயாது தம் பெயரால் வெளியிடுகின்றனர். கட்டளை அவர்க்கும் உரியதே.

எதிர்ப்பொருள் குற்றமுடையதன்று, அஃது இறைவன் உயிர்களின் உடம்பில் வைத்த அரிய காவல். தனக்குப் பொருந்தியதைப் பற்றுதலன்றி வேறொன்றறியாது. அதன் பற்றுதலுக்குப் பொருள்கூறுவார் நாமே. ஆகலின் மெய்யும் பொய்யும் நம்மிடத்தன. நம் கல்லூரியினின்று நாளை ஆய்வுக்கூடம் புகுவார் ஒவ்வொருவரும், நிறம் பார்த்து மகிழுமுன் சிலம்பை உடைத்துப் பரலைப் பார்க்கும் பொறுமையுடையராதல் வேண்டும் என்பதே எம் வேண்டுகோள்.